மறுபடி ஓட்டு

செட்டிகுளத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
மூன்று பெட்டிகள் இரவெல்லாம் விழித்திருக்கும்.
ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ்,
ஒன்று யாரோ விற்றுவிட்டுப் போன பழைய மேக்.
ஆளில்லாத நாற்காலிகளுக்கு முன்னால்
சுட்டி தானாக நகரும்.
தோவாளைப் பூச்சந்தைக்கு நாங்கள் எழுதிய கணக்கில்
பிச்சி நாலு கிலோ, அரளி ஒன்பது கிலோ என்று
விற்கும், வாங்கும், சேமிக்கும்,
ஒரு பூவையும் தொட்டிராத கை.

காலையில் வந்து பார்ப்பேன்:
பச்சை, பச்சை, சிவப்பு.
மறுநாள் பச்சை, சிவப்பு, பச்சை.
இடையில் யாரும் ஒரு வரியையும் மாற்றவில்லை.

விண்டோஸில் 'சேமி' இருந்த இடத்தில்
லினக்ஸில் 'அழி' வந்து நின்றது.
எழுத்து அங்கே ஒரு நூல் அகலம்,
'கொள்முதல்' அடுத்த வரிக்கு இறங்கி
பொத்தான்களையெல்லாம் கீழே தள்ளிவிட்டது.
மேக்கோ மெனுவைச் சாளரத்திலிருந்து பிடுங்கித்
தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு
'இந்த ஆளை உள்ளே விடலாமா?' என்று
ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டபடி நிற்கும்.
பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

ரெண்டு வினாடி தூங்க விடு, என்றான் ஷாஜின்.
விட்டேன். ஐந்தாக்கினேன்.
வைரஸ் தேடல் ஓடும் வெள்ளிக்கிழமைக்குப் பத்து.
இருபது நிமிட ஓட்டம் மூன்று மணி நேரமானது.
அப்போதும் சிவப்பு.
"சவத்தெ விடு மக்கா, மறுபடி ஓட்டு."
ஓட்டுவேன். பச்சை.
டீ குடிக்கப் போவோம்.

ஆவணியில் மூன்று ராத்திரி
மேக் காட்டிய சிவப்பையும் அப்படித்தான் ஓட்டினோம்.
நான்காவது முறையும் அதே சிவப்பு.
அந்த ஒரு சோதனையை மட்டும் ஓரங்கட்டிவிட்டு
மிச்சமெல்லாம் பச்சை என்று எழுதினேன்.
எழுதியது நான்தான்.

ஓணத்துக்கு முந்தின வாரம்
பூதலிங்கம் பூக்கடையிலிருந்து போன்.
மருமகன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த மேக்.
அந்த ஊர்க் கணக்கில் நம்முடைய புள்ளி கமா,
நம்முடைய கமா புள்ளி.
கிலோ 1,250 என்று அடித்த பிச்சி
பில்லில் ஒரு ரூபாய் இருபத்தைந்து காசு.
எழுபத்தைந்து ரூபாய்க்கு அறுபது கிலோ
திருவனந்தபுரம் வேனில் ஏறிப் போயாச்சு.
அவர் திட்டவில்லை.
"ஒங்க ஆபீஸ்ல யாரும் இதை ஒருக்கா
அடிச்சுப் பாக்கலியா?"

அடித்துப் பார்த்தது.
அவர் வீட்டு அமைப்பையே கொடுத்துவைத்திருந்த எங்கள் மேக்
பார்த்துச் சொன்னது,
மூன்று ராத்திரி.

அன்றைக்குத் தக்கலை பஸ்ஸில் முன்சீட்டு.
பார்வதிபுரத்தில் ஒரு அம்மா
மீன் பாத்திரத்தைப் படியில் ஏற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.
ஓட்டுநர் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை.
கியரில் கை வைத்தபடி
இரட்டை விசிலுக்குக் காதைக் கொடுத்திருந்தார்.
பாத்திரம் ஏறியது. விசில் வந்தது.
வில்லுக்குறி வரை நான் வெளியே பார்க்கவில்லை.

'தூங்கு' என்றிருந்த வரிகளை வெட்டினேன்,
நூற்றுப் பதினாறு.
இடத்தைச் சுட்டிக் கூப்பிடுவதை விட்டு
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
சேமி, வந்துவிட்டாயா,
முகம் தெரிகிறதா, தொட்டால் அசைவாயா?
ஆம் என்ற பிறகே சொடுக்கு.
வரவேயில்லை என்றால்
எதற்காக நின்றேன் என்பதையும்
அந்த நேரத்துத் திரைப் படத்தையும் வைத்துவிட்டுச் சாகட்டும்.
மூன்று பெட்டிக்கும் ஒரே எழுத்துரு.
மேக்கின் வாசல் கேள்விக்கு முன்கூட்டியே சம்மதம்.
ஓரங்கட்டியதை மறுபடி வரிசையில் நிறுத்தினேன்,
கமாவோடு.

பதினோரு நாள் பச்சை.
இன்றைக்கு லினக்ஸ் சிவப்பு.
ஷாஜினின் கை பழக்கத்தில் சுட்டிக்குப் போகிறது,
பாதியில் நிற்கிறது.
கீழே டீக்காரர் இரண்டாம் முறை கூப்பிடுகிறார்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
"என்ன சொல்லுது?" என்கிறான்.